வாங்குபவர் ஒருவர், கடனாளி வேறொருவர்: எல்பிஓ எளிய விளக்கம்

2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் ட்விட்டரை வாங்கி முடித்தார். விலை 4,400 கோடி டாலர். அதற்குச் சில நாட்கள் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னிடம் மெய்யான கவலையோடு சொன்னார்: “1,300 கோடி டாலர் கடன் வாங்கி வாங்கியிருக்காராமே, எப்படித்தான் அடைக்கப் போறாரோ பாவம்.” அந்த 1,300 கோடியை அடைக்க வேண்டியது மஸ்க் இல்லை, ட்விட்டர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ரசம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் இருந்த ஒரு பழைய புத்தகத்தை எடுத்தேன். ‘பார்பேரியன்ஸ் அட் தி கேட்’. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நிருபர்கள் பிரையன் பரோவும் ஜான் ஹெல்யரும் எழுதியது. ஆர்ஜேஆர் நபிஸ்கோ என்ற அமெரிக்க சிகரெட், பிஸ்கட் கம்பெனியை 1988இல் ஏலம் விட்ட கதை. இது எனக்கு மூன்றாவது வாசிப்பு. முதல் தடவை அதை ஒரு நகைச்சுவை நாவல் மாதிரிதான் படித்தேன். பத்து விமானம், முப்பத்தாறு பைலட் வைத்திருந்த தலைமை அதிகாரி, கம்பெனி விமானத்தில் ‘ஜி. ஷெப்பர்ட்’ என்ற பெயரில் பயணம் போன அவருடைய ஜெர்மன் ஷெப்பர்ட் நாய், இப்படி. மூன்றாவது தடவை படிக்கும்போதுதான் அந்த 500 பக்கத்துக் கதைக்கு உண்மையான நாயகன் யார் என்று பிடிபட்டது. கடன்தான். அந்தக் கடன் யார் தலையில் உட்கார்ந்தது என்பது புரிந்தால் புத்தகமும் புரியும், ட்விட்டரும் புரியும்.

இந்த மாதிரிக் கொள்முதலுக்கு லெவரேஜ்டு பைஅவுட் என்று பெயர். சுருக்கமாக எல்பிஓ. செய்தியிலும் யூடியூபிலும் இது தாராளமாக அடிபடும் சொல். ‘கடன் வாங்கிக் கம்பெனி வாங்குவது’ என்று ஒரே வரியில் விளக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு வரியில் பாதி தப்பு.

லாரி கையெழுத்துப் போட்டால்

நம் ஊரில் லாரி வாங்குவது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். கையில் இருப்பதை முன்பணமாகக் கட்டுகிறோம், மீதிக்கு ஃபைனான்ஸ். லாரியே அடமானம். லாரி ஓடி வரும் வாடகையில் மாதாமாதம் டியூ கட்டுகிறோம். டியூ முடிந்தால் லாரி முழுசாக நமக்கு.

எல்பிஓவில் பாதி இதுதான். வாங்குகிற பொருளே அடமானம், வாங்குகிற பொருள் சம்பாதிப்பதிலிருந்தே தவணை. ஆனால் லாரிக் கடனில் கையெழுத்து நம்முடையது. ஓட்டம் இல்லாமல் டியூ நின்றால் வண்டியைத் தூக்கிப் போவார்கள், விற்றும் பணம் பத்தவில்லை என்றால் நம்மையும் நமக்கு ஜாமீன் போட்ட மச்சானையும் தேடி வருவார்கள்.

இப்போது ஒரு கற்பனை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது நீங்கள் இல்லை, லாரி. டியூ நின்றால் ஃபைனான்ஸ்காரர் லாரியோடு சண்டை போட்டுக்கொள்ளலாம், உங்கள் வீட்டுப் பக்கம் வர முடியாது. நீங்கள் இழப்பது முன்பணம் மட்டும்.

லாரியால் கையெழுத்துப் போட முடியாது. கம்பெனியால் முடியும். சட்டத்தின் கண்ணில் கம்பெனி என்பது தனி ஆள். அது கடன் வாங்கலாம், சொத்து வைத்திருக்கலாம், வழக்குப் போடலாம், திவாலாகலாம். அதன் பங்குகளை வைத்திருப்பவர் அதற்குச் சொந்தக்காரர், ஆனால் அதன் கடனுக்குப் பொறுப்பாளி இல்லை. எல்பிஓ முழுவதும் இந்த ஒரு கதவு வழியாகத்தான் உள்ளே நுழைகிறது.

நடைமுறையில் செய்வது இது. வாங்க நினைப்பவர் முதலில் ஒரு காலிக் கம்பெனியைத் தொடங்குகிறார். தன் பணம் கொஞ்சத்தை அதில் போடுகிறார். அந்தக் காலிக் கம்பெனி வங்கிகளிடமும் மற்றவர்களிடமும் பெரும் கடன் வாங்கி, குறிவைத்த கம்பெனியின் பங்குகளைப் பங்குதாரர்களிடமிருந்து வாங்குகிறது. அப்புறம் இரண்டு கம்பெனிகளையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். இணைந்த மறுநிமிடம், நேற்றுவரை பெரிய கடன் இல்லாமல் பிஸ்கட் சுட்டுக்கொண்டிருந்த கம்பெனி பெருங்கடனாளி. அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட அதன் கல்லாவுக்கு வரவில்லை. எல்லாம் பழைய பங்குதாரர்கள் கைக்குப் போயாயிற்று.

(தமிழில் ‘கடன்காரன்’ என்று கொடுத்தவனையும் சொல்கிறோம், வாங்கியவனையும் சொல்கிறோம். இந்த விஷயத்தில் அது பெரிய குழப்பம். அதனால் வாங்கியவரைக் கடனாளி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.)

இதுவரை: எல்பிஓ என்பது வாங்கப்படும் கம்பெனியின் தலையிலேயே கடனை ஏற்றி அதை வாங்குவது. வாங்குபவர் போடுவது முன்பணம். அடைப்பது கம்பெனி.

முத்துவும் செல்வமும் மெஸ் வாங்குகிறார்கள்

சரி, எதற்கு இவ்வளவு கடன்? கையில் காசு இருப்பவரும் ஏன் கடன் வாங்குகிறார்? ஒரு சின்னக் கணக்கு போட்டால் தெரிந்துவிடும். வரியை இப்போதைக்கு மறந்துவிடுவோம்.

நல்ல ஓட்டமுள்ள ஒரு மெஸ். எல்லாச் செலவும் போக ஆண்டுக்கு 16 லட்சம் நிற்கிறது. விலை ஒரு கோடி. முத்து முழுப் பணத்தையும் கையிலிருந்து போட்டு வாங்குகிறார். ஐந்து ஆண்டுகளில் 80 லட்சம் எடுத்துக்கொண்டு, அதே ஒரு கோடிக்கு விற்கிறார். ஒரு கோடி போட்டவருக்கு 1.8 கோடி. மோசமில்லை.

இதே மெஸ்ஸைச் செல்வம் வாங்கினால்? அவர் போடுவது 10 லட்சம். மீதி 90 லட்சம் மெஸ் பெயரில் 12 சதவீத வட்டிக்குக் கடன். முதல் ஆண்டு வட்டி 10.8 லட்சம். 16 லட்சத்தில் அது போக மிஞ்சும் 5.2 லட்சம் அசலுக்கு. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும், அசலுக்குப் போவது கூடும். ஐந்தாம் ஆண்டு முடிவில் கடன் ஏறத்தாழ 57 லட்சமாக இறங்கியிருக்கும். மெஸ்ஸை ஒரு கோடிக்கு விற்றுக் கடனை அடைத்தால் கையில் 43 லட்சம். போட்டது 10 லட்சம்.

முத்துவுக்குப் போட்டது இரண்டு மடங்குகூட ஆகவில்லை, செல்வத்துக்கு நாலு மடங்குக்கு மேல். இத்தனைக்கும் சாம்பாரில் ஒரு முருங்கைக்காய்கூடக் கூடுதலாக விழவில்லை. சாப்பிட வந்த கூட்டமும் அதேதான், விலையும் அதேதான். மாறியது யார் பணம் எவ்வளவு என்பது மட்டும்.

லெவரேஜ் என்ற சொல் லீவரிலிருந்து வந்தது, அதாவது நெம்புகோல். கையால் அசைக்க முடியாத பாறையைக் கடப்பாரை வைத்து நெம்பினால் புரள்கிறதே, அதுதான். சின்ன முதல் பெரிய கம்பெனியைப் புரட்டுகிறது.

பாறை இந்தப் பக்கமும் புரளும். பக்கத்தில் புதுக்கடை ஒன்று வந்து மெஸ்ஸின் வருமானம் 9 லட்சமாகக் குறைகிறது என்று வையுங்கள். முத்துவுக்கு வருத்தம்தான், ஆனால் 9 லட்சம் வந்துகொண்டிருக்கும். செல்வத்தின் மெஸ்ஸால் 10.8 லட்சம் வட்டியைக் கட்ட முடியாது. கதவில் வங்கியின் பூட்டு. சமையல்காரருக்கு வேலை போகிறது. மளிகைக்கடை பாக்கி நிற்கிறது. செல்வத்துக்குப் போனது 10 லட்சம்.

வரியைக் கணக்கில் சேர்த்தால் சமாசாரம் இன்னும் சுவையாகிறது. கடனுக்குக் கட்டும் வட்டி செலவாகக் கருதப்படுவதால் அதைக் கழித்த பிறகுதான் வரி. பங்குதாரருக்குக் கொடுக்கும் ஈவுத்தொகைக்கு அந்தச் சலுகை இல்லை. வரி 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் முத்துவின் மெஸ் 16 லட்சத்துக்கு 4 லட்சம் கட்டும். செல்வத்தின் மெஸ் வட்டி போக மிஞ்சிய 5.2 லட்சத்துக்கு 1.3 லட்சம் கட்டினால் போதும். 1988இல் அமெரிக்காவில் கம்பெனி வரி 34 சதவீதம். எல்பிஓக்களில் அமெரிக்க அரசாங்கமும் தெரியாமல் ஒரு பங்காளி என்று அந்தக் காலத்தில் முணுமுணுத்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

செல்வத்தின் கணக்கு ஏதோ நான் ஊதிப் பெருக்கியது என்று தோன்றினால், நிஜத்தில் நடந்த ஒன்று. வில்லியம் சைமன் என்பவர் அமெரிக்காவின் முன்னாள் நிதியமைச்சர். 1982இல் அவரும் கூட்டாளிகளும் கிப்சன் என்ற வாழ்த்து அட்டைக் கம்பெனியை 8 கோடி டாலருக்கு வாங்கினார்கள். சொந்தப் பணம் ஏறத்தாழ 10 லட்சம் டாலர்தான், மீதியெல்லாம் கடன். ஒன்றரை ஆண்டுக்குள் அதைப் பங்குச்சந்தைக்குக் கொண்டுவந்தபோது மதிப்பு 29 கோடி. வால் ஸ்ட்ரீட்டில் இருந்த ஒவ்வொருவரும் அன்றைக்குக் கால்குலேட்டரைத் தேடியிருப்பார்கள்.

எந்தக் கம்பெனி வலையில் விழும்?

எல்லாக் கம்பெனியும் இதற்கு ஆகாது. மழையை நம்பும் விவசாயத்துக்கு மாத டியூ சரிப்படாது என்பது போலத்தான். மாதாமாதம் தவறாமல் பணம் வர வேண்டும், ஏற்கெனவே பெரிய கடன் இருக்கக் கூடாது, தேவைப்பட்டால் துண்டு துண்டாக விற்க முடிய வேண்டும்.

ஆர்ஜேஆர் நபிஸ்கோ இந்த மூன்றுக்கும் அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. 1985இல் ரெனால்ட்ஸ் சிகரெட் கம்பெனி நபிஸ்கோ பிஸ்கட் கம்பெனியை வாங்கியதில் உருவானது. வின்ஸ்டன், கேமல் சிகரெட்டுகள் ஒரு பக்கம், ஓரியோ, ரிட்ஸ் பிஸ்கட்டுகள் இன்னொரு பக்கம், டெல் மான்டே பழ டப்பாக்கள் வேறு. சிகரெட் பிடிப்பவர் நல்ல காலத்திலும் பிடிப்பார், கெட்ட காலத்திலும் பிடிப்பார். பணம் கொட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் புற்றுநோய் வழக்குகளுக்குப் பயந்து பங்கு விலை மட்டும் எழவே இல்லை. 1988 அக்டோபரில் ஒரு பங்கு 56 டாலருக்குச் சற்றுக் குறைவு.

தலைமை அதிகாரி ராஸ் ஜான்சனுக்கு இது உறுத்தியது. விமானங்களும் நாயும் இவருடையவைதான். கனடாக்காரர், கலகலப்பானவர், ஒரு இடத்தில் உட்காரத் தெரியாதவர். வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் பல தலைமுறையாக இருந்த தலைமையகத்தை அட்லாண்டாவுக்குப் பெயர்த்துக்கொண்டு போனவர். புகையில்லாத சிகரெட் என்று பிரீமியர் என்ற ஒன்றுக்கு 30 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருந்தார்கள். பற்றவைத்தால் சகிக்க முடியாத நாற்றம். அதுவும் பங்கு விலையைத் தூக்கப் போவதில்லை என்று தெரிந்ததும், கம்பெனியைத் தானே வாங்கிவிடலாம் என்று ஜான்சன் முடிவு செய்தார். கடனில்தான், வேறெப்படி.

1988 அக்டோபர் 20இல் விலை வெளியே வந்தது. பங்குக்கு 75 டாலர், மொத்தம் 1,700 கோடி டாலர். அதுவரை உலகம் பார்த்த எல்பிஓக்களை விட மிகப் பெரியது.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. தலைமை அதிகாரியின் வேலை பங்குதாரருக்கு நல்ல விலை வாங்கிக் கொடுப்பது. அவரே வாங்குபவராக மாறினால் குறைந்த விலைதான் அவருக்கு லாபம். வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சாவி கொடுத்துவைத்த ஆளே அந்த வீட்டை விலை பேசுவது மாதிரி. வீட்டில் எந்தச் சுவரில் ஓதம், எந்த மரம் காய்க்கும் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அதோடு, சொந்தப் பணம் போடாமலே ஜான்சன் கோஷ்டிக்குப் பெரிய பங்கு கிடைக்கும் என்ற ஒப்பந்த விவரம் நியூயார்க் டைம்ஸில் வந்ததும் நாடே கொதித்தது. டிசம்பர் தொடக்கத்தில் டைம் பத்திரிகை அட்டையில் ஜான்சன் படம் போட்டுப் பேராசை விளையாட்டு என்று எழுதியது.

ஆனால் 75 டாலர் அடிமாட்டு விலை என்று மோப்பம் பிடித்தவர்கள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள். எல்பிஓவையே தொழிலாகச் செய்த கேகேஆர் நிறுவனம். ஹென்றி கிராவிஸும் அவருடைய உறவுச் சகோதரர் ஜார்ஜ் ராபர்ட்ஸும் நடத்தியது. நாலே நாளில் அவர்கள் 90 டாலர் என்றார்கள். ஏலம் சூடுபிடித்தது.

குப்பைப் பத்திரம் குப்பை இல்லை

இவ்வளவு கடனை யார் கொடுப்பார்? வங்கிகள் கொடுக்கும், ஆனால் ஓரளவுக்கு மேல் கொடுக்காது. மேல்மிச்சத்துக்குத்தான் ஜங்க் பாண்டு, அதாவது குப்பைப் பத்திரம். பெயரைக் கேட்டதுமே பலரும் மோசடி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கடன் பத்திரம் என்பது கம்பெனி எழுதிக் கொடுக்கும் புரோநோட்டு. இத்தனை பணம் வாங்கினேன், இத்தனை வட்டி தருவேன், இந்தத் தேதியில் அசலைத் திருப்புவேன் என்று. அதைக் கையில் வைத்திருப்பவர் சந்தையில் இன்னொருவருக்கு விற்கவும் செய்யலாம். திருப்பித் தருவாரா மாட்டாரா என்று மதிப்பெண் போடும் நிறுவனங்கள் உண்டு. ஒரு கோட்டுக்குக் கீழே மதிப்பெண் வாங்கிய பத்திரம்தான் ஜங்க். தெருக்கோடி நாணயஸ்தனுக்கு ஒரு வட்டி, கைமாற்று வாங்கியே பழகியவனுக்கு ஒரு வட்டி என்று நம் ஊரில் இல்லையா? அதே கதை. ஆபத்து அதிகம், வட்டியும் அதிகம். நூறு பேருக்குக் கொடுத்துப் பத்துப் பேர் ஏமாற்றினாலும் மற்றவர்களின் கூடுதல் வட்டி அதை ஈடுகட்டிவிடும் என்பது கொடுப்பவரின் கணக்கு.

1980களில் இந்தச் சந்தையைப் பெரிதாக வளர்த்தவர் டிரெக்சல் பர்னம் நிறுவனத்தின் மைக்கேல் மில்கன். பின்னாளில் அவர் பங்குச்சந்தைக் குற்றங்களுக்காகச் சிறை போனார். அதனால் பத்திரத்தின் மேலும் அந்தக் கறை ஒட்டிக்கொண்டது. இரண்டும் வேறு வேறு.

ஜங்க் பாண்டை அடியோடு வெறுத்த ஒருவரும் புத்தகத்தில் வருகிறார், டெட் ஃபோர்ஸ்ட்மன். அவரும் எல்பிஓ தொழிலில் இருந்தவர்தான். ஆனால் இந்தப் பத்திரங்கள் பொய்ப்பணம், வாசலில் காட்டுமிராண்டிகள் நிற்கிறார்கள், கதவைச் சாத்துங்கள் என்று கேட்பவரிடமெல்லாம் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். புத்தகத்தின் தலைப்பு அங்கிருந்து வந்தது.

112 ஏன் 109இடம் தோற்றது?

இந்த இடம்தான் மூன்றாவது வாசிப்பில் எனக்குக் கிடைத்த லாபம். முன்பு இதைச் சதி என்றே நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன்.

1988 நவம்பர் 30. கடைசிச் சுற்று. ஜான்சன் கோஷ்டி பங்குக்கு 112 டாலர். கேகேஆர் 109. இயக்குநர் குழு 109க்குக் கொடுத்தது. மேம்போக்காகப் பார்த்தால் அநியாயம். அதிக விலை கேட்டவருக்கு ஏன் கொடுக்கவில்லை?

112 என்பது 112 டாலர் நோட்டாக இல்லை, அதுதான் விஷயம். அதில் ரொக்கம் 84. இன்னொரு 24 டாலருக்கு ‘பிக்’ என்ற வகைப் பத்திரம், 4 டாலருக்கு வேறொரு பத்திரம். கேகேஆரின் 109இல் ரொக்கம் 81, பிக் 18, மற்றப் பத்திரம் 10.

பிக் என்பது இப்படி. உங்களுக்கு ஒருவர் கடன் பாக்கி. வட்டி கேட்கப் போகிறீர்கள். அவர் ரூபாயை எடுப்பதற்குப் பதில் பேனாவை எடுத்து, அந்த வட்டித் தொகைக்கு இன்னொரு புரோநோட்டு எழுதித் தருகிறார். அடுத்த முறை அந்தப் புது நோட்டுக்கும் சேர்த்து இன்னொரு நோட்டு. எழுதித் தருபவருக்குச் சௌகரியம், இப்போதைக்குக் கல்லாவைத் திறக்க வேண்டாம். அதை வாங்கிக்கொள்பவருக்கு? அந்தக் காகிதத்தைச் சந்தையில் எவ்வளவுக்கு எடுப்பார்களோ அவ்வளவுதான் மதிப்பு. 24 டாலர் என்று முகப்பில் அச்சடித்திருப்பதால் 24க்குப் போகும் என்று ஒரு நிச்சயமும் இல்லை.

கேகேஆர் ஒரு வாக்குறுதி கொடுத்தது. தங்கள் பத்திரங்கள் சந்தையில் முகமதிப்புக்குக் கீழே விழுந்தால், குறிப்பிட்ட தேதியில் வட்டியை உயர்த்தி அந்த விலைக்குக் கொண்டுவந்துவிடுகிறோம் என்று. இதற்கு ரீசெட் என்று பெயர். ஜான்சன் கோஷ்டி அதற்கு ஒப்பவில்லை. ஆகவே ஒருவர் காகிதத்துக்கு உத்தரவாதம் இருந்தது, இன்னொருவர் காகிதத்துக்கு இல்லை. குழுவின் ஆலோசகர்கள் கூட்டிக் கழித்துப் பார்த்து, இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான் என்றார்கள். பழைய பங்குதாரருக்குப் புதுக் கம்பெனியில் 25 சதவீதம் விட்டுவைப்பதாகக் கேகேஆர் சொன்னது, ஜான்சன் தரப்பு 15. ஜான்சன் மேல் குழுவுக்கு இருந்த எரிச்சலும் தராசில் ஒரு கல்லாவது போட்டிருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் தராசே பொய் இல்லை.

ஆக, பெரிய கொள்முதல் ஒன்றின் விலையைச் செய்தியில் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி: இதில் ரொக்கம் எவ்வளவு, காகிதம் எவ்வளவு, அந்தக் காகிதத்தின் பின்னால் நிற்பது யார்?

கணக்கு முடிந்தபோது

மொத்தம் ஏறத்தாழ 2,500 கோடி டாலர். 1989 பிப்ரவரியில் பணம் கைமாறியது. கேகேஆர் தரப்பின் முதல் சுமார் 150 கோடிதான், மெஸ் கணக்கில் செல்வம் போட்ட விகிதத்தைவிடவும் குறைவு. 2006 வரை இதைவிடப் பெரிய எல்பிஓ நடக்கவில்லை.

உடனடியாக ஜெயித்தது பழைய பங்குதாரர்கள். 56 டாலர் பங்குக்கு 109. வின்ஸ்டன்-சேலத்தில் தாத்தா காலத்துப் பங்கைப் பெட்டியில் வைத்திருந்த குடும்பங்களுக்கெல்லாம் காசோலை வந்தது. புத்தகத்தில் அந்தப் பக்கங்கள் விசித்திரமானவை. விற்க மனமில்லாமல் பணக்காரர் ஆனவர்கள். ஜான்சன் தோற்றும், விலகும்போது கிடைக்க வேண்டிய தொகை என்று 5 கோடி டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு போனார். வக்கீல்களுக்கும் வங்கியாளர்களுக்கும் கிடைத்த கட்டணம் கோடிக்கணக்கில்.

யாரும் அதிகம் பேசாத ஒரு தரப்பு, கம்பெனிக்கு முன்பே கடன் கொடுத்திருந்தவர்கள். பத்திரமான கம்பெனி என்று குறைந்த வட்டிக்கு அவர்கள் கொடுத்த கடன் ஒரே இரவில் ஜங்க் ஆகிவிட்டது. நல்ல சம்பளக்காரருக்கு நீங்கள் கைமாற்று கொடுத்த மறுநாள், அவர் இருபது பேரிடம் கந்துவட்டிக்கு வாங்கியது மாதிரி. மெட்லைஃப் காப்பீட்டு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1989இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது: மேலும் கடன் வாங்கக் கூடாது என்று உங்கள் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா? இல்லையே. அதற்கப்புறம் கடன் கொடுப்பவர்கள் பலர் இந்த மாதிரிப் பாதுகாப்பு வரிகளைக் கேட்டு எழுதிவாங்கினார்கள்.

ஜெயித்த கேகேஆர் கதை தனி. ஏலத்தை வென்று கொடுத்த அந்த ரீசெட் வாக்குறுதிதான் அவர்கள் கழுத்தைப் பிடித்தது. 1990 பிப்ரவரியில் டிரெக்சல் திவாலானது, ஜங்க் சந்தை சரிந்தது, ஆர்ஜேஆர் பத்திரங்களும் முகமதிப்புக்கு வெகு கீழே போயின. வாக்குப்படி அவற்றைத் தூக்கி நிறுத்த வேண்டுமென்றால் கம்பெனி தாங்க முடியாத வட்டி. வேறு வழியில்லாமல் அந்தக் கோடையில் கேகேஆர் இன்னும் 170 கோடி டாலர் முதலைக் கொண்டுவந்து போட்டது. முதலில் போட்டதைவிட அதிகம். 1993 ஏப்ரலில் போட்டிக்காரரான பிலிப் மாரிஸ் தன் மார்ல்பரோ சிகரெட் விலையைத் திடீரென்று குறைத்தது. சிகரெட் வருமானமே ஆட்டம் கண்டது. 1995இல் கேகேஆர் முழுவதுமாக வெளியேறியபோது லாபம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சவில்லை. கம்பெனி பிற்பாடு பிரிந்தது. 2000இல் நபிஸ்கோவை வாங்கியது யார் தெரியுமா? அதே பிலிப் மாரிஸ்.

கடைத் தேங்காயா?

எல்பிஓவைப் பற்றிக் கேள்விப்படும் நம்மவர்கள் உடனே சொல்வது, கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்று. பாதி சரி. தேங்காய் கடையுடையதுதான். ஆனால் உடைப்பதற்கு முன் கடைக்காரருக்கு, அதாவது பழைய பங்குதாரருக்கு, தேங்காய்க்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை கொடுத்தாயிற்று. வேலை செய்யும் பையன், கடனுக்குச் சரக்கு போட்டவர், இவர்களைத்தான் யாரும் கேட்கவில்லை.

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் சந்தேகப் பிராணி. ஒரு பொதுப் பங்கு நிறுவனம் தன் பங்கை மற்றவர் வாங்கத் தானே நிதியுதவி செய்யக் கூடாது என்கிறது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 67ஆம் பிரிவு. பங்கு வாங்குவதற்கு வங்கிகள் கடன் தருவதற்கும் ரிசர்வ் வங்கி நெடுங்காலம் கடிவாளம் போட்டிருந்தது. அதனால் இங்கே பெரிய எல்பிஓக்கள் அதிகம் கேள்விப்படுவதில்லை. நம்மவர்கள் செய்த பெயர்பெற்ற எல்பிஓ வெளிநாட்டில் நடந்தது. 2000இல் டாடா டீ, பிரிட்டனின் டெட்லி தேயிலைக் கம்பெனியை 27.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது. கடனின் பெரும்பகுதி டெட்லியின் வருமானத்தை நம்பியே வாங்கப்பட்டது. அது தாக்குப்பிடித்தது. கால்பந்து பார்ப்பவர்களுக்கு மான்செஸ்டர் யுனைடெட் ஞாபகம் வரும். 2005இல் கிளேசர் குடும்பம் வாங்கியபோது கடன் கிளப் தலையில் ஏறியது, ரசிகர்கள் இன்றுவரை அதை மன்னிக்கவில்லை.

ட்விட்டருக்கு வருகிறேன். அந்த 1,300 கோடிக்கு ஆண்டு வட்டியே 100 கோடி டாலருக்கு மேல் என்றானது. ஆளைக் குறைத்தார்கள், அலுவலகச் சாமான்களை ஏலம் விட்டார்கள், நீலக் குறிக்குக் காசு வாங்கினார்கள். இவற்றுக்கெல்லாம் மஸ்கின் சுபாவம் ஒரு காரணம் என்றால் தவறாமல் வந்து நிற்கும் அந்த வட்டி இன்னொரு காரணம். எக்ஸ் என்று பெயர் மாறிய பிறகு, 2025 மார்ச்சில் மஸ்க் அதைத் தன் இன்னொரு கம்பெனியான, செயற்கை நுண்ணறிவுத் தொழிலில் இருக்கும் எக்ஸ்ஏஐயோடு இணைத்தார். அவர் அறிவித்த கணக்கு: கம்பெனி மதிப்பு 4,500 கோடி, கழிக்க கடன் 1,200 கோடி, நிகரம் 3,300 கோடி டாலர். கடன் அவர் வீட்டுக்குப் போகவில்லை. கம்பெனி பெயர் மாறியது, வீடு மாறியது, கடனும் அதன் இடுப்பிலேயே உட்கார்ந்துகொண்டு கூடவே போனது.

பந்தியில் பார்த்த அந்தப் பெரியவரை மறுபடி எங்கேயாவது பார்த்தால், ரசம் வருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன்.